உங்கள் மச்சானும் ஒரு மலைக் கௌதாரியும்

சேசு மரி சூசை துணை

தாராவி, பம்பாய்
மாதா பரலோகம் போன திருநாளுக்கு மறுநாள், 1964

மேன்மை பொருந்திய அண்ணன், வடக்கன்குளம் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் லாசர் அவர்களுக்குத் தங்கை லூசியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் மைனியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதம் என்றால் அப்படி எழுத வேண்டும் என்று சின்ன வயசில் நீங்கள்தான் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தீர்கள், அதனால் எழுதுகிறேன். மற்றபடி இந்த நிமிஷம் நீங்கள் சுகமாயிருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அவ்வளவாக இல்லை. மைனி மட்டும் சுகமாயிருக்கட்டும், அவள் எந்தப் பாவமும் அறியாதவள்.

தங்கச்சிக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்காதீர்கள். ஆதியிலிருந்தே வருகிறேன். உங்கள் மச்சான் இன்னாசிமுத்து ரயில் பட்டறை பாய்லர் ஷாப்பில் ஆயுசெல்லாம் இரும்புத் தகட்டில் ரிவிட் அடித்து ரிட்டையர் ஆனபோது, சொந்தக்காரர்கள் வேட்டி கொடுத்தார்கள், வெள்ளித் தம்ளர் கொடுத்தார்கள், என் நாத்தனார் கூட மனசு வந்து ஒரு போர்வை கொடுத்தாள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? பட்டாளத்துக்காரன் எவனோ விற்றுப்போட்ட, தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டுகிற தூர்பீனும், பறவைப் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகமும். அன்றைக்குப் போனதுதான் என் குடித்தனத்தின் நிம்மதி. அதற்கப்புறம் காலையில் பூசைக்குப் போகிற மனுஷன் மாஹிம் கழிமுகத்து மேட்டில் போய்க் குத்தவைக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் என்னிடம் வந்து, "யக்கா, ஒங்க வீட்டுக்காரரு தூர்பீனை வச்சுக்கிட்டு யாரு வீட்டையோ பாக்குறாவளாம், சனங்க ஒரு மாதிரி பேசுது" என்கிறாள். கொக்கைப் பார்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? தாராவியில் கொக்கைப் பார்க்கத் தூர்பீன் எதற்கு, கூரைமேல்தானே நிற்கிறது!

சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் நடந்ததை உங்களுக்கு நான் எழுதவே இல்லை, மானக்கேடு என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன், படியுங்கள். ஊரெல்லாம் விளக்கை மூடிக் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் தூர்பீனும் கழுத்துமாக ட்ராம்பே குன்றில் ஏறியிருக்கிறார். சர்க்காரின் அணுக்கூடம் அந்தப் பக்கம் என்பது பம்பாயில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் தலைவிரிகோலமாக ஓடினேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் விசாரித்தார். "பாப் கா நாம்?" என்று அப்பா பெயரைக் கேட்டார். உங்கள் மச்சான் நிமிர்ந்து நின்று, "பாய்லர் ஷாப்" என்றார். எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு கொக்கு, ஒரு மீன்கொத்தி" என்றார். இவன் பைத்தியமா, பெரிய ஒற்றனா என்று இன்ஸ்பெக்டருக்கே குழப்பம். பங்குச் சாமியார் வந்து ஜாமீன் சொல்லித்தான் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் திட்டினேன். "திமிரு பிடிச்ச மனுசன், போலீஸ்காரன் கேக்குததுக்கு ஒழுங்கா ஒரு பதிலு சொன்னா கொறஞ்சா போயிருவீரு?" என்று கேட்டேன். அவர் பாட்டுக்குக் கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இதெல்லாம் பழசு. இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். நம் ஏஞ்சலுக்குத் தலைப்பிரசவம். மருமகன் அமிர்தநாதன் மஸ்ஜித் பந்தரில் கடை வைத்திருக்கும் கட்ச் சேட்டு ஒருவருடைய ஜிபுத்திக் கிளையில் கணக்கு எழுதுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஜிபுத்தி எங்கே இருக்கிறது என்றும் உங்களுக்குத் தெரியும், பூகோளம் நடத்தியவர்தானே. ஆனால் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று எந்தப் பூகோளத்திலும் போடவில்லை. பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊர், கடலும் உப்பும் கறுப்புப் பாறையும்தான். மகள் முதல் பிள்ளையை அங்கே தனியாகவா பெறுவாள்? காயமருந்தும் பெருங்காயமும் கட்டிக்கொண்டு, நானும் இவரும் டெக்கில் பாய் விரித்துக் கப்பல் ஏறினோம். நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன், இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ளா லூசி, சீக்கிரம் வா, அங்க பாரு, கடல்காக்காயில இது வேற ஜாதி!" என்கிறார். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அப்போதே தள்ளிவிட்டிருப்பேன். எழுந்திருக்கத் தெம்பில்லை.

ஜிபுத்தியில் போய் இறங்கின பிறகாவது மகளைப் பார்ப்பார், பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவார் என்று நினைத்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வினை வந்தது. அங்குள்ள பிரெஞ்சுச் சாமியார், தாடி வைத்தவர், அவருக்கும் இதே பறவைக் கோட்டி. இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் தஜூரா என்று ஒரு துறைமுகமாம், அதற்குப் பின்னால் பாறை பாறையாய் மலையாம், அதில் ஒரு கௌதாரியாம், வெள்ளைக்காரர்களிலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் பார்த்திருக்கிறார்களாம். அந்தச் சாமியாரே பலதடவை ஏறி இறகைக்கூடப் பார்க்காமல் இறங்கினவராம். இதைக் கேட்டதும் உங்கள் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கலியாணத்தன்று என்னைப் பார்த்தபோது கூட அந்த முகத்தில் அப்படி ஒரு பிரகாசம் இல்லை.

அண்ணே, கௌதாரி! நம் ஊர் உடைமரக் காட்டில் வலை வீசினால் கூடை கூடையாய்க் கிடைக்குமே, அந்தக் கௌதாரி! மயிலா, அன்னமா, சொர்க்கத்துப் பட்சியா? கௌதாரி!

மீன் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனவர், துறைமுகத்தில் படகு ஏறிவிட்டார். இரண்டு நாளில் வந்துவிடுவதாக மீன்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாள் போயிற்று, வாரமும் போயிற்று. ஏஞ்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு என்னமும் ஆயிருக்கும்மா, அங்க தண்ணி கெடைக்காதும்மா" என்று அழுகிறாள். மருமகனுக்குச் சேட்டு லீவு கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவர் போகிற ஆளில்லை, தெருவில் ஒட்டகம் வந்தால் கடைக்குள் ஓடுகிறவர். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குஜராத்தியம்மாளிடம் மகளை ஒப்படைத்துவிட்டு, "நான் போயி அந்த மனுசனை இழுத்துட்டு வாரேன்" என்று புடவையை இழுத்துச் செருகினேன். மருமகன் ஒரு உபகாரம் செய்தார். "அத்தே, தஜூராவுல நம்ம தாராவிப் பொண்ணு ஒண்ணு இருக்கு, சாயிரான்னு பேரு, டீக்கடை வச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

சாயிராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இந்தக் கதையில் புத்தியுள்ள ஒரே ஆத்மா அவள்தான். தாராவித் தோல்பட்டறையில் வேலை பார்த்த ஏர்வாடிக்காரர் மகள். ஏமன் நாட்டுப் படகுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தவள். நான் படகிலிருந்து இறங்கி, "தாராவி" என்று ஒரு வார்த்தை சொன்னதுதான் தாமதம், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! கும்பாரவாடாவுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? நாலு வருசமா தமிள் பேச ஆளில்லக்கா. இந்த ஆளுட்ட அரபியில சண்ட போட்டா சண்ட போட்ட மாதிரியே இல்ல!"

"சண்டை நான் சொல்லித்தாரேன். மொதல்ல எம் புருசனைக் கண்டுபிடிச்சுக் குடு."

"காக்கித் தொப்பி, களுத்துல தூர்பீன்? அந்தக் கிறுக்கு ஒங்க ஆளாக்கா? எங்க கடையிலதான் டீ குடிச்சாரு. சக்கர போதுமான்னு கேட்டேன், மலை எந்தப் பக்கம்னாரு."

கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாள். உப்பு லாரியில் கொஞ்ச தூரம், அதற்கப்புறம் கழுதை, அதற்கப்புறம் கழுதையே வேண்டாம் என்று நின்றுவிட்டதால் நடை. அண்ணே, அந்த மலையை எப்படி எழுதுவேன்? எஞ்சினிலிருந்து கரிக்கட்டியை அள்ளிக் கொட்டி வானம் வரைக்கும் குவித்தால் எப்படி இருக்கும், அப்படி. கையை வைத்தால் பொசுக்கும். புல் என்று எதுவுமில்லை, இருக்கிற ஒன்றிரண்டு மரமும் முள். காற்று அடிக்கிறதே என்று சந்தோஷப்பட்டால், அது அடுப்பு வாயிலிருந்து வருகிற காற்று. என் செருப்பு வார் அறுந்துபோய் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். அந்த மலையில் அஃபார் என்கிற சனங்கள் பாய்க்குடிசை போட்டு ஆடு மேய்க்கிறார்கள். ஆண்கள் இடுப்பில் வளைந்த கத்தி. பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் போன இடமெல்லாம் பால் கொடுத்தார்கள், உட்காரப் பாய் போட்டார்கள், இவர் பேச்சை எடுத்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நேத்து இங்கனதான் இருந்தாராம் யக்கா" என்று சாயிரா அவர்கள் பேச்சைப் பெயர்த்துச் சொல்வாள். "ஆடு மாதிரி நாலு கால்ல போனாராம்." அடுத்த பள்ளத்துக்குப் போனால் கிணற்றடியில் பெண்கள், "காலையில்கூட அந்தப் பாறைக்குப் பின்னால் இருந்தாரே!" என்கிறார்கள். பாறைக்குப் பின்னால் போனால் பிஸ்கோத்துக் காகிதம் கிடக்கிறது, ஆள் இல்லை. சாமியார் தேடினது கௌதாரியை, நான் தேடினது கௌதாரி தேடுகிறவரை. இரண்டும் ஒரே ஜாதி. மனுஷ வாடை பட்டால் பாறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

மறுநாள் மேட்டில் கிடைத்தார். முதலில் தொப்பிதான் தெரிந்தது. முள்மரத்தடியில் குத்தவைத்து, தாடி வளர்ந்து, கறுத்து, உதடு வெடித்து, தூர்பீனைக் கண்ணில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றேன். கடல் தாண்டி, மலை ஏறி, கால் புண்ணாகி வந்து நிற்கிறவளைப் பார்த்து அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வாயில் விரல் வைத்து, "உஸ்" என்றார்.

உஸ்!

"யாருக்கு உஸ்ஸு?" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே மேய்ந்த ஆடெல்லாம் சிதறியது. "பெத்த மவ வயித்தைத் தள்ளிக்கிட்டு அப்பா அப்பான்னு அழுதா, நீரு இங்க முள்ளுக்குள்ள உக்காந்து உஸ்ஸுங்கீரா?"

"கத்தாத ளா. இந்தப் பள்ளத்துலதான் இருக்கு. எறகு கெடந்துச்சு, பாரு" என்று சட்டைப் பையிலிருந்து கோழி இறகு மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்.

"கௌதாரி எறகுக்காய்யா கடல் தாண்டி வந்தீரு? எங்கம்மா மொளகு போட்டு வதக்குனா எலும்பைக்கூட விடமாட்டீரே!"

"அது வேற கௌதாரி."

"கௌதாரியில என்னய்யா வேற?"

அப்போதுதான் அது கத்தியது. எங்களுக்கு மேலே, அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு பாறைக்கு நடுவிலிருந்து. துருப்பிடித்த கதவைத் திறந்து, அப்புறம் யாரோ கர்ர் என்று சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் திரும்பினேன், சாயிரா திரும்பினாள், கீழே சிதறின ஆடுகள் கூடக் காதைத் திருப்பின. உங்கள் மச்சான் மட்டும் எதிர்ப்பக்கப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "பின்னால கத்துது!" என்றேன். அவர் திரும்பாமலே, "கத்தியா? பைக்குள்ள இருக்கு" என்றார். மறுபடியும் அது கத்தியது. அந்த மலையே கேட்டது. அவர் அசையவில்லை.

அரிசி வாங்கச் சொன்னால் உப்பு வாங்கி வந்தது, கோயிலில் எல்லாரும் பாட்டை முடித்த பிறகும் இவர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டரிடம் பாய்லர் ஷாப் என்றது, தாடிச் சாமியார் இவரிடம் பேசும்போது கத்திக் கத்திப் பேசியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது அண்ணே. முன்னால் போய் உட்கார்ந்து, அவர் தூர்பீனை இறக்கி, முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"உமக்குக் காது கேக்கலையா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்புறம், "சின்னச் சத்தம் கேக்காது. நீ பேசுனா கேக்கும்" என்றார்.

"எப்பத்துலருந்து?"

"பட்டறையில இருக்கும்போதே போயிட்டு. சொன்னா வேலையை விட்டு எடுத்துருவானுவன்னு சொல்லலை. பொறவு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"உங்க அண்ணனுக்கு மட்டும். காது போனா என்ன மாப்ளே, கண்ணு கெடக்குல்லா, அதை வச்சுப் பொழைன்னு சொல்லித்தான் தூர்பீன் வாங்கித் தந்தாரு."

இப்போது புரிகிறதா அண்ணே நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்று? உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக, திமிர் பிடித்தவர், என் பேச்சை மதிக்காதவர், கல்லுளிமங்கன் என்று நான் அந்த மனுஷனைத் திட்டாத நாளில்லை. கேட்காத காதுக்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறேன். தாராவியே என்னைச் சண்டைக்காரி என்கிறது. ஒரு கார்டு போட்டிருக்கலாமே நீங்கள்? லூசி, அவன் காது போய்விட்டது, முகத்தைப் பார்த்துப் பேசு என்று ஒரு வரி? ஆயிரம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தங்கைக்கு ஒரு வரி எழுத வரவில்லையா? ஆம்பளைகள் இரண்டு பேரும் ரகசியம் பேசி, தூர்பீன் கொடுத்து முடித்துவிட்டீர்கள். நான் அங்கே அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வெயிலில் கண்ணீர் வராது.

"எறங்கும், போவோம்" என்றேன். உடனே தூர்பீனை உறையில் வைத்து மூடினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். "இரும். எங்கன கத்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்று கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும், மறுநாள் விடிந்த பிறகும், நான் கேட்டேன், அவர் பார்த்தார். எனக்குச் சத்தம் வந்த பக்கம் அவர் தாடையைப் பிடித்துத் திருப்புவேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது திருப்புகிற மாதிரி. திருப்பித் திருப்பிக் கடைசியில் ஒரு காய்ந்த மரத்தடியில் அது வெளியே வந்தது. மங்கல் பழுப்பு, நெஞ்சில் கோடு. உண்மையைச் சொல்கிறேன், நம் ஊர்க் கௌதாரிக்கு அக்கா மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து கத்தியது.

உங்கள் மச்சான் தூர்பீனைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார். "ளா, வாயைத் தெறக்குதே, கத்துதா? எப்படிக் கத்துதுன்னு சொல்லு."

சொல்ல வார்த்தை ஏது? சாயிராவும் கத்தி செருகின இரண்டு அஃபார் கிழவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நரைத்த தலையில் முக்காடு போட்டவள், புருஷன் காதில் வாயை வைத்து கௌதாரி மாதிரி கத்தினேன். ஒரு தடவை போதவில்லை அவருக்கு. இன்னொரு தடவை என்றார். கத்தினேன். கிழவர்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாங்கள் மலையிறங்கி ஜிபுத்தி வந்து சேருவதற்குள் ஏஞ்சலுக்கு ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. நாள் இருக்கிறது என்ற நர்ஸைக் காணோம். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒங்களுக்குக் கௌதாரிதானே பேரப்பிள்ள, அதைக் கொஞ்சிட்டு வாங்க" என்றாள். நான் மூன்று நாள் பத்தியச் சோறு பொங்கிப் போட்டுத்தான் பேச்சு வந்தது. ஞானஸ்நானத்துக்குப் போனால் தாடிச் சாமியார் பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை, "பார்த்தீர்களா?" என்று அதைத்தான் கேட்டார். உங்கள் மச்சான் தலையாட்டினதும் பொறாமையில் அவர் முகம் சிறுத்துப்போனது. கோயிலுக்குள்ளேயே!

பம்பாய் திரும்பினதும் இவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சட்டைப் பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயர், காதில் ஒரு குமிழ். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரேடியோ, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, தகரத்தில் மழை, நான். "இம்புட்டுச் சத்தத்துலயா நீங்கள்லாம் இருக்கீங்க?" என்று கழற்றி வைத்தவர்தான், திரும்ப மாட்டவில்லை. ஏன் என்றால், "நீ இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்கிறார். நான் என்ன மின்சாரத்தில் ஓடுகிறேனா? இப்போது தினமும் விடிந்ததும் எழுப்புகிறார், கழிமுகத்துக்கு வா, கேட்டுச் சொல் என்று. ஆப்பம் ஊற்றவா, ஆந்தைக்குக் காது கொடுக்கவா?

ஆகையால் தீர்மானமாக எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை மெட்ராஸ் மெயிலில் நான் ஊருக்குக் கிளம்புகிறேன். இவர் இங்கே தனியாக இருந்துகொள்ளட்டும். திருநெல்வேலி ஜங்ஷனுக்கு நீங்கள் நேரில் வர வேண்டும். வடக்கன்குளம் போகிற வரைக்கும் பஸ்ஸில் நான் பேசுவேன், நீங்கள் கேட்டுக்கொண்டு வருவீர்கள். உங்களுக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சமாதானம் பண்ண நினைக்க வேண்டாம், எனக்கு இந்த ஜென்மத்தில் பறவைச் சங்காத்தமே வேண்டாம், கோழி கூட வளர்க்க மாட்டேன்.

மைனிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் முத்தமும், பக்கத்து வீட்டார்க்கு என் விசாரிப்பும். தேவமாதா எல்லாரையும் காப்பாளாக, உங்களையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு
கோபம் தீராத தங்கை
லூசியம்மாள்

பின்குறிப்பு: அண்ணே, ஜங்ஷனுக்கு வர வேண்டாம். இந்த மாதம் எனக்குத் தோதுப்படாது. நேற்று மழை விட்ட நேரத்தில் கழிமுகத்து நாணலுக்குள் ஒன்று கும், கும் என்று உறுமியது, குடத்துக்குள் வாயை வைத்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. உங்கள் மச்சான் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அப்படி ஒன்றும் இங்கே கிடையாது, தவளையாக இருக்கும் என்கிறார். காது கேட்காத மனுஷன் எனக்குச் சொல்கிறார் தவளை என்று! கால் வலிக்கிறதாம், ஈரமாம், காப்பி குடித்துவிட்டுப் படுக்க வேண்டுமாம். விடுவேனா? இடுப்பளவு சேற்றில் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் இதைத் தபாலில் போட வந்திருக்கிறேன். உடனே திரும்பிப் போக வேண்டும், நான் இல்லாவிட்டால் மனுஷன் தப்பான பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.